விமானியின் மருத்துவச் சான்றிதழ், ரத்த அழுத்தம், இதயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ. என்ற விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளின் கீழ் பறப்பவர்களுக்கான பக்கம் இது. ஊரிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர், வார இறுதியில் செஸ்னா போன்ற சின்ன விமானம் எடுப்பவர், ஏர்லைனில் வேலை பார்ப்பவர் என்று எல்லோருக்கும் பொருந்தும். பிபி கூடியிருப்பது தெரிந்தும், சான்றிதழ் போய்விடுமோ என்ற பயத்தில் டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்துபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மாத்திரை போட்டு பிபியை அடக்கி வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் அன்றைக்கே கையில் கிடைக்கிறது. பத்து வருஷம் போடாமல் இருந்து, இதயக் குழாய் அடைபட்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்தான் மாதக்கணக்கில் தரையில் உட்காருகிறார்.

எத்தனைக்கு மேல் போனால் சான்றிதழ் கிடைக்காது?

155/95. மேல் எண் 155-ஐயோ கீழ் எண் 95-ஐயோ தாண்டக் கூடாது. ஏர்லைன் விமானிக்கான முதல் வகுப்பு, சம்பளத்துக்குப் பறக்கும் மற்றவர்களுக்கான இரண்டாம் வகுப்பு, மாணவர்களுக்கும் சொந்தமாகப் பறப்பவர்களுக்கும் ஆன மூன்றாம் வகுப்பு மூன்றுக்கும் இதே வரம்புதான்.

இந்த எண்ணை உடல்நல இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017-இல் வந்த அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல்படி 130/80-லேயே உயர் ரத்த அழுத்தம் தொடங்கிவிடுகிறது. 150/92 வைத்துக்கொண்டு வருஷா வருஷம் பாஸ் ஆகிறவருடைய ரத்தக்குழாயும் சிறுநீரகமும் அந்த வருஷங்களில் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் அளக்கும்போது சராசரி 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பரிசோதனை நாளின் பதற்றத்தில் மேல் எண் 15 புள்ளி ஏறினாலும் வரம்பு எட்டத்தில்தான் இருக்கும்.

மாத்திரை தொடங்கினால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கட்டுப்பாட்டில் இருக்கும் பிபிக்கு, விமான மருத்துவப் பரிசோதகரான ஏ.எம்.இ.யே சான்றிதழ் கொடுத்துவிடலாம். இதற்கு எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் சி.ஏ.சி.ஐ. அதில் பிபிக்கென்று ஒரு பக்கத் தாள் உண்டு. எஃப்.ஏ.ஏ. தளத்திலிருந்து அப்போதைய பதிப்பை இறக்கி உங்கள் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள். நிலைமை சீராக இருக்கிறது, அறிகுறி எதுவும் இல்லை, அளவு 155/95-க்குள் இருக்கிறது, மருந்தால் பக்கவிளைவு இல்லை, இன்னின்ன மருந்து இத்தனை மில்லிகிராம் என்று அவர் குறிப்பு எழுதித் தர வேண்டும். “நோயாளி நலமாக உள்ளார்” என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஏ.எம்.இ.யால் எதுவும் செய்ய முடியாது. தாளில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். தேதியும் புதிதாக இருக்கட்டும்.

எந்த மருந்துகளுக்கு அனுமதி?

வழக்கமாக எழுதித் தருபவை எல்லாமே ஏறக்குறைய அடங்கும். லிசினோபிரில், ராமிபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்கள், லோசார்டான், டெல்மிசார்டான் வகை, அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்கள், ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தலிடோன் முதலான நீர் மாத்திரைகள், பீட்டா பிளாக்கர், ஆல்ஃபா பிளாக்கர். இவற்றில் மூன்று வரை சேர்த்து எடுக்கலாம். கணக்கு மருந்துக்குத்தான், மாத்திரைக்கு இல்லை. ஊரில் வாங்கும் டெல்மா-ஏ.எம். ஒரே மாத்திரையாக இருந்தாலும் டெல்மிசார்டான், அம்லோடிபின் என்று இரண்டு மருந்து.

மூளையில் போய் வேலை செய்து பிபியைக் குறைக்கும் மருந்துகளுக்கு அனுமதி கிடையாது. குளோனிடின், மெத்தில்டோபா, குவான்ஃபசின், ரிசர்ப்பின் எல்லாம் இந்த வகை. இவை தூக்கத்தைக் கொடுக்கும், கவனத்தை மழுக்கும். குளோனிடினை ஓரிரு வேளை விட்டாலே பிபி திடீரென்று எகிறும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் பிபி ஏறி, அங்கே ஒரு டாக்டர் ஆர்காமின் எழுதித் தருவார். அது குளோனிடின். அதோடு திரும்பி வந்து பரிசோதனைக்குப் போனால் சிக்கல். நிறுத்துவதையும் தானாகச் செய்யக் கூடாது. டாக்டர் சொல்லும் கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் சர்ப்பகந்தா வேரிலும் இதே ஆபத்து உண்டு, ரிசர்ப்பின் எடுக்கப்பட்டதே அந்த வேரிலிருந்துதான். “இயற்கை மருந்து, படிவத்தில் எழுத வேண்டியதில்லை” என்று நினைத்துவிடாதீர்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

புது மருந்து ஆரம்பித்தால் எத்தனை நாள் பறக்கக் கூடாது?

குறைந்தது 7 நாள். அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தை மாற்றினாலும் மறுபடி 7 நாள். அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் பிபி குறித்து வையுங்கள். படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழும்போது தலை கிறுகிறுக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் உண்டு. ஏ.சி.இ. தடுப்பானில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ரேடியோவில் பேசும்போது தொந்தரவாக இருக்கும், டாக்டர் லோசார்டான் வகைக்கு மாற்றிவிடுவார். உதடோ நாக்கோ வீங்கினால் அது வேறு விஷயம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும், சாயங்காலம் ஷூ இறுகும். பீட்டா பிளாக்கர் நாடித்துடிப்பைத் தாழ்த்தி அசதியைக் கொடுக்கும், டிரெட்மில் சோதனையையும் கெடுக்கும். ஆல்ஃபா பிளாக்கர் எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டவைக்கும். விமானத்தைத் தலைகீழாகப் புரட்டும் சாகசப் பயிற்சி செய்கிறவருக்கு அது ஆகாது.

நீர் மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சின்ன விமானத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் பலர் பறப்பதற்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மாத்திரை நீரை வெளியேற்றுகிறது, கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் காய்கிறது, உயரத்தில் காற்றும் வறண்டது. இரண்டு மணி நேரத்தில் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, இறங்கி நின்றதும் மயக்கம். காலை 6 மணிக்கே மாத்திரையைப் போட்டு முதல் வேகம் தணிந்த பிறகு புறப்படுவது, சிறுநீர்ப் பையைக் கூடவே வைத்துக்கொண்டு தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பது, இதுதான் வழி. பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் எடுங்கள்.

வீட்டில் சரியாக இருக்கிறது, ஏ.எம்.இ. முன்னால் உட்கார்ந்தால் 160 காட்டுகிறது. என்ன செய்வது?

இதை நாடகம் என்று எந்த ஏ.எம்.இ.யும் நினைக்க மாட்டார். வேலையே அந்த எண்ணில் தொங்கும்போது யாருக்கும் ஏறும். ஓடிப்போய் உட்கார்ந்ததும் எடுத்த முதல் அளவை ஏற்காதீர்கள். “பத்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்க்கலாமா?” என்று கேளுங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் வேறு நாட்களில் வந்து எடுக்கச் சொல்வார். பரிசோதனையை முடித்து எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்ப ஏ.எம்.இ.க்கு 14 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் குறைந்துவிட்டால் சான்றிதழ் வந்துவிடும். குறையவில்லை என்றால் கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. மருத்துவ அலுவலகத்துக்குப் போகும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த நிலைக்கே போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. எஃப்.ஏ.ஏ.வின் இணைய விண்ணப்பத் தளமான மெட்எக்ஸ்பிரஸில், மருத்துவச் சான்றிதழுக்கான 8500-8 படிவத்தை நிரப்பினால் ஒரு உறுதிப்படுத்தல் எண் வரும். அந்த எண்ணைப் போட்டு ஏ.எம்.இ. உங்கள் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சான்றிதழ் கொடுக்கலாம், மறுக்கலாம், இல்லையென்றால் எஃப்.ஏ.ஏ.வுக்குத் தள்ளிவிடலாம். மூடி வைத்துவிட்டு “அடுத்த மாதம் வாங்க” என்று அனுப்ப முடியாது. ஆகவே சந்தேகம் இருப்பவர்கள் அந்த எண்ணைக் கொடுக்காமல், பரிசோதனைக்கு இல்லை, ஆலோசனைக்கு மட்டும் என்று சொல்லி நேரம் வாங்குங்கள். சான்றிதழ் காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போதே இதைச் செய்தால் மருந்தைச் சரிப்படுத்தப் போதிய காலம் கிடைக்கும்.

வீட்டில் அளப்பது எப்படி?

மேல்கையில் கட்டும் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டையின் அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப் வைத்துப் பாருங்கள். பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை பொதுவாக 22 முதல் 32 செ.மீ. வரைதான். உங்கள் கை 35 செ.மீ. என்றால் அந்தப் பட்டை பொய்யாகக் கூடுதல் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல் 5 நிமிஷம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காதீர்கள், கழற்றிவிட்டு வெறும் கையில் கட்டுங்கள். முழங்கையை மேசையில் வையுங்கள், பட்டை இதயத்தின் மட்டத்தில் நிற்க வேண்டும். கை 10 செ.மீ. தொங்கினால் ஏறக்குறைய 8 புள்ளி கூடிவிடும். அளக்கும்போது பேசக் கூடாது, போனும் பார்க்கக் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, காலையில் மாத்திரைக்கு முன், இரவு படுக்கப் போகும் முன். ஏழு நாள் செய்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். நல்ல எண்களை மட்டும் பொறுக்கி எழுதிய தாள் டாக்டருக்கு உதவாது.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் எதைத் தவிர்க்க வேண்டும்?

மூக்கடைப்பு மருந்துதான் முதல் எதிரி. சூடோஎஃபெட்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கி பிபியை ஏற்றும். ஒவ்வாமை மாத்திரையான கிளாரிட்டின் பரவாயில்லை, கிளாரிட்டின்-டி கூடாது. அந்த “டி”யில் இருப்பது சூடோஎஃபெட்ரின். அடுத்து முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் தினமும் விழுங்கும் ஐபுபுரூஃபன், நாப்ராக்சென். இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பிபி மருந்தின் வேலையையே குறைக்கும். ஏ.சி.இ. தடுப்பானும் நீர் மாத்திரையும் எடுப்பவருக்குச் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இருமலுக்கும் தொண்டைக்கும் நம் வீடுகளில் சப்பும் அதிமதுரமும் இந்தப் பட்டியலில் வரும். அதிலுள்ள கிளிசரைசின் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை இறக்கும். தொடர்ந்து சில நாள் எடுத்தாலே சிலருக்கு பிபி ஏறும். வயிற்று உப்புசத்துக்குக் கலக்கிக் குடிக்கும் ஈனோவில் இருப்பதும் சோடியம்தான். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். தினமும் காபி குடிப்பவர் அன்றைக்கு மட்டும் அடியோடு விட்டால் தலைவலிதான் மிஞ்சும், காலையில் சீக்கிரமே ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளில் பிபி மாத்திரையைப் போடாமல் போகாதீர்கள்.

உப்பைக் குறைக்க வேண்டுமா? நம் சாப்பாட்டில் எதை?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது தட்டிய ஒரு டீஸ்பூனை விடக் குறைவு. குழம்பு, ரசம், பொரியல், மோர் என்று ஒவ்வொன்றிலும் உப்புப் போட்ட ஒரு முழுச் சாப்பாடே இதை நெருங்கிவிடும். மாவடு, நார்த்தங்காய், மோர் மிளகாய், அப்பளம், வடகம், கருவாடு இவற்றைத் தட்டின் ஓரத்திலிருந்து எடுத்துவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயைக் கூட்டிக்கொண்டால் பயனில்லை. பயணத்தின் நடுவே வெளியூரில் தங்கும் லேஓவரில் ஓட்டல் சூப், பீட்சா, கப் நூடுல்ஸ் எல்லாம் உப்பு மூட்டைகள். தயிர் சாதத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. “குறைந்த சோடியம் உப்பு” என்று விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். லிசினோபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணில் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். வாரத்தில் 150 நிமிஷம் வேக நடை.

இ.சி.ஜி. எப்போது எடுக்க வேண்டும்?

முதல் வகுப்புக்கு மட்டும். 35 வயது முடிந்தபின் வரும் முதல் விண்ணப்பத்தில் ஒரு தடவை, 40-க்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. விண்ணப்பத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் எடுத்தது செல்லும். அன்றைக்கு மார்பில் எண்ணெயோ லோஷனோ தடவாதீர்கள், ஒட்டு நிற்காமல் கோடு நடுங்கும். கை ஒயர்கள் இடம் மாறினால் நல்ல இதயமே கோளாறாகத் தெரியும், கோடு விசித்திரமாக இருந்தால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பழைய இ.சி.ஜி. நகலைக் கோப்பில் வைத்திருங்கள். “இது பத்து வருஷமாக இப்படித்தான்” என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தெற்காசியர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமா?

ஆம். நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. 2018-இன் அமெரிக்கக் கொழுப்பு வழிகாட்டுதல் தெற்காசியப் பிறப்பையே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் தொப்பையைப் பாருங்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதைத் தாண்டக் கூடாது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்., டிரைகிளிசரைடு, மூன்று மாதச் சர்க்கரையான எச்.பி.ஏ.1சி இவற்றோடு, வாழ்நாளில் ஒரு தடவை லிப்போபுரோட்டீன்-ஏ பார்த்துவிடுங்கள். அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டைக் குறைத்தால் குறையாது. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ 50 வயதில் மாரடைப்பு என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைக்கு எஃப்.ஏ.ஏ. தடை இல்லை.

டிரெட்மில் சோதனை கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு ஓட வேண்டும்?

புரூஸ் முறை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 1.7 மைல், 10 சதவீத ஏற்றம். இரண்டாவது 2.5 மைல், 12 சதவீதம். மூன்றாவது 3.4 மைல், 14 சதவீதம். 70 வயதுக்குக் கீழ் உள்ளவர் 9 நிமிஷம், அதாவது மூன்று கட்டமும் முடிக்க வேண்டும். நாடித்துடிப்பும் வயதுக்குரிய உச்சத்தில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். 50 வயதுக்காரருக்கு 220-இலிருந்து 50 போக 170, அதில் 85 சதவீதம் சுமார் 145.

இதில் தோற்பவர்களில் பலர் இதயத்தால் தோற்பதில்லை, காலால் தோற்கிறார்கள். சமதரையில் நடந்து பழகியவருக்கு 14 சதவீத ஏற்றத்தில் கெண்டைக்கால் எரியும், நேரம் முடியுமுன் இறங்கிவிடுவார். இதய டாக்டர் பயிற்சிக்கு அனுமதித்திருந்தால், நாலு வாரம் முன்பிருந்தே ஏற்றம் வைத்து நடந்து பழகுங்கள். கைப்பிடியில் சாய்ந்து பழகாதீர்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குத் துடிப்பு 145-ஐத் தொடாது. சோதனைக்கு 24 முதல் 48 மணி நேரம் முன் அதை நிறுத்தலாமா என்று மருந்து எழுதிய டாக்டரிடம் கேளுங்கள், அவர் சரி என்றால் மட்டுமே நிறுத்துங்கள்.

மாரடைப்போ ஸ்டென்ட்டோ வந்துவிட்டால் பறப்பது முடிந்ததா?

இல்லை, ஆனால் நீண்ட வழி. மாரடைப்பு, சிகிச்சை தேவைப்பட்ட ரத்தக்குழாய் அடைப்பு, வால்வு மாற்று, நிரந்தர பேஸ்மேக்கர் எல்லாம் விதியின்படியே தகுதி இழக்கவைப்பவை. சிறப்பு அனுமதி மூலம் திரும்பலாம். வகுப்பையும் அடைபட்ட குழாயையும் பொறுத்து குறைந்தது 3 அல்லது 6 மாதம் காத்திருந்த பிறகே புதுச் சோதனைகள் எடுத்து அனுப்ப வேண்டும். மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போதே டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஞ்சியோ அறிக்கை, ஆஞ்சியோ படங்களின் டிஸ்க் மூன்றையும் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, அதுவும் சென்னையிலோ மதுரையிலோ உள்ள மருத்துவமனையிலிருந்து இவற்றை வாங்குவது பெரும்பாடு.

குறட்டைக்கும் பிபிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. மூன்று மருந்து போட்டும் பிபி அடங்காதவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். உறுதியானால், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி. 75 சதவீத இரவுகளிலாவது போட்டு, சராசரி 6 மணி நேரம் பயன்படுத்தியதைக் கருவியின் பதிவே காட்ட வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. கேட்கும். ஊருக்குப் போகும்போதும் கருவியை எடுத்துப் போங்கள், அந்த மூன்று வாரமும் கணக்கில் சேரும்.

பேசிக்மெட் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையா?

வழக்கமான மருத்துவச் சான்றிதழ் இல்லாமலே சொந்தமாகப் பறக்க 2017 மே 1 முதல் உள்ள வழி இது. 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஏதாவதொரு சமயம் எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றிதழ் வைத்திருந்தவர், 48 மாதத்துக்கு ஒரு தடவை உரிமம் பெற்ற எந்த டாக்டரிடமும் பரிசோதித்து, 24 மாதத்துக்கு ஒரு தடவை இணையப் பாடம் முடித்தால் போதும். சம்பளத்துக்குப் பறக்க முடியாது. 155/95 என்ற எண் இதில் இல்லை, டாக்டரின் முடிவுதான். மாரடைப்பு, சிகிச்சை பெற்ற அடைப்பு, வால்வு மாற்று இருந்தால் ஒரே ஒரு தடவையாவது சிறப்பு அனுமதி வாங்கிய பிறகே இதற்கு வர முடியும். கடைசியாகப் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால் இந்தக் கதவும் மூடிவிடும். ஆகவே பிபி சந்தேகத்தில் இருக்கும்போது “போட்டுப் பார்ப்போமே” என்று மூன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் இந்தியாவில் செல்லுமா?

செல்லாது. கமர்ஷியல் லைசென்ஸை மாற்ற, இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.யின் கிளாஸ் 1 பரிசோதனை தனியாக வேண்டும்.

இந்தியாவில் எடுத்த சிகிச்சையைப் படிவத்தில் எழுத வேண்டுமா?

கட்டாயம். 8500-8-இன் 17-ஆம் கேள்வி இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும் கேட்கிறது, கடையில் சீட்டில்லாமல் வாங்கியதும் அதில் அடக்கம். 18-ஆம் கேள்வி “வாழ்நாளில் எப்போதாவது” என்று கேட்கிறது, எந்த நாட்டில் என்று கேட்கவில்லை. 19-ஆம் கேள்வி கடந்த மூன்று வருஷத்தில் பார்த்த மருத்துவர்கள். ஊரில் பிபிக்காகப் பார்த்த டாக்டரும் இதில் வருவார். தெரிந்தே பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. விமானி உரிமங்களும் ரத்தாகலாம். முன்பே எழுதிய பழைய விஷயத்தில் மாற்றம் இல்லையென்றால் “முன்பே தெரிவித்தது, மாற்றமில்லை” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு தடவையும் அனுப்புவதற்கு முன் படிவத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை எழுதியதும் இந்தத் தடவை எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும்.